பிசியோதெரபி: 'இயன்முறை'க்குள் இருக்கும் இயல்

ஆட்டத்தின் நடுவே வீரர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், வர்ணனையில் உடனே வந்து விழும் சொல் 'பிசியோ'. பையோடு ஓடிவரும் ஆளுக்கும் அதுதான் பெயர், அவர் தரும் சிகிச்சைக்கும் அதுதான் பெயர். விரித்துச் சொன்னால் பிசியோதெரபி. தமிழில் இயன்முறை மருத்துவம் என்கிறோம். சரி, அந்த 'இயன்' எங்கிருந்து வந்தது? பலர் 'இயங்கு' என்பதிலிருந்து என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இயல் + முறை = இயன்முறை. நல் + மை 'நன்மை' ஆவதுபோல, மகரத்துக்கு முன் லகரம் னகரமாகிவிட்டது.

மூலச்சொல்லைப் பார்த்தால் இந்தத் தேர்வின் அருமை புரியும். கிரேக்கத்தில் 'ஃபிசிஸ்' என்றால் இயற்கை, ஒன்றின் இயல்பு. முளைத்தல், வளர்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஃபிசிக்ஸும் இதே வேர்தான். அதை நாம் இயற்பியல் என்கிறோம், அங்கேயும் 'இயல்' வந்துவிட்டது. 'தெரபி'க்கு மூலமான 'தெரபெயா' முதலில் பணிவிடையைக் குறித்தது. அதைச் செய்பவன் 'தெரபோன்'. இலியட் காவியத்தில் கிரேக்க மாவீரன் அக்கிலிசின் உற்ற துணைவன் பட்ரோக்ளஸுக்கு இந்தப் பெயர் உண்டு. தொடையில் அம்பு தைத்த வீரன் ஒருவனுக்கு அம்பை எடுத்துக் காயத்தைக் கழுவி வேர்மருந்து வைப்பவனும் அவன்தான்.

ஆனால் பிசியோதெரபி பழைய கிரேக்கச் சொல் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிச் செய்தது. 1851இல் லோரென்ஸ் கிளைஷ் என்ற ஜெர்மன் ராணுவ மருத்துவர் இதைப் பயன்படுத்தினார். 1894இல் கனடாவின் எட்வர்ட் பிளேட்டர் ஆங்கிலத்தில் எழுதினார். இருவர் மனதிலும் இருந்தது உடற்பயிற்சிக் கூடம் அல்ல. மருந்துக்கு முன்னால் நீரையும் இயற்கையின் மற்ற வழிகளையும் நம்பும் வைத்தியம். இன்று நாம் இயற்கை மருத்துவம் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் பொருள் அது.

பயிற்சி வேறு வாசல் வழியாக வந்தது. 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய நிறுவனத்தில் நோயாளிகளுக்கென்றே ஜிம்னாஸ்டிக்ஸ் வளர்ந்தது. 1894இல் பிரிட்டனில் மசாஜ் செய்யும் செவிலியர் நால்வர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பியவர்கள் குவிந்தபோது மசாஜ், பயிற்சி, மின்சிகிச்சை எல்லாம் ஒரே தொழிலாகத் திரண்டன. சுவீடன்காரர்கள் மட்டும் 'நோயாளி ஜிம்னாஸ்டிக்ஸ்' என்ற தங்கள் பெயரை விடவில்லை. 2014இல்தான் அவர்களும் பிசியோதெரபிக்கு மாறினார்கள்.

தமிழுக்கு வருவோம். 'இயல்' இயல்பை மட்டும் சொல்வதில்லை. 'என்னால் இயலும்' என்னும்போது அது முடிவதைச் சொல்கிறது. பழந்தமிழில் நடத்தல், செல்லுதல் என்ற பொருளும் இருந்தது. பறவைபோல் விரையும் குதிரையைத் தொல்காப்பியம் 'புள்ளியற் கலிமா' என்கிறது. இயல்பு, இயலுதல், நடை மூன்றும் ஒரே சொல்லில். 'இயங்கு' என்று நினைத்தவர்கள் வழி தவறினாலும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

சிகிச்சையும் இந்த மூன்றைத்தான் சுற்றிவருகிறது. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயதையொட்டிய 5 ஆரோக்கியமான இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு கால்வாசிக்கும் மேல் குறைந்துபோனது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது தெரிந்தது: முதுமை செய்த சேதத்தைவிட அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் பெரிது. எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் சுமையை உணர்ந்துதான் தம்மைக் கட்டிக்கொள்கின்றன. காயம் ஆறும்போது உருவாகும் புது நார்கள் தாறுமாறாகக் கிடக்கும். அளவாக இழுவிசை கொடுத்தால் அந்தத் திசையில் வரிசைப்படும். சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பரப்பிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே, முழு ஓய்வும் ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு எழுதினார். அதற்காக அடிபட்ட அன்றே ஓடச் சொல்லவில்லை. எலும்பு முறிவோ முழுக் கிழிவோ இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, வலி தாங்கும் அளவுக்கு மெல்லத் தொடங்க வேண்டும்.

சரி, எந்தத் தமிழ்ச்சொல்லை எழுதலாம்? 'உடற்பயிற்சி மருத்துவம்' போதாது. கையால் மூட்டை இளக்குவது, வெப்பம், மின்தூண்டல் எல்லாம் அதற்கு வெளியே நின்றுவிடும். 'உடலியக்க மருத்துவம்' பிசியாலஜிக்கான உடலியங்கியலோடு குழம்பும். 'இயற்கை மருத்துவம்' நேர்ப்பொருள்தான், ஆனால் அந்த இருக்கை ஏற்கெனவே நிரம்பிவிட்டது. 'இயன்முறை மருத்துவம்' நிலைத்துவிட்ட சொல், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் தெரபி என்பதற்குச் சிகிச்சையே பொருத்தம்; 'மருத்துவம்' என்ற சொல்லுக்குள் மருந்து இருக்கிறது, இங்கேயோ மருந்து முக்கியமில்லை. என் தேர்வு இயன்முறைச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சையாளர். பேச்சில் 'பிசியோ' இருந்துவிட்டுப் போகட்டும்.

கூடவே வரும் 'ரீஹாப்' தான் தொல்லை. அகராதியைப் பார்த்து 'மறுவாழ்வு' என்று போட்டுவிடுகிறார்கள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கால்பந்து வீரர் 'மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார்' என்று படித்தால் மனம் எங்கெங்கோ போகிறது, பாவம். லத்தீனில் 'ஹாபிலிஸ்' என்றால் தகுதியுள்ள, இயன்ற. ரீஹாபிலிடேஷன் என்பது மீண்டும் இயலச் செய்வது. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) கிழிந்து அறுவை சிகிச்சையில் சரிசெய்துகொண்டவர்களுக்கு இது 9 மாதமோ அதற்கு மேலோ நீளும். அந்த 9 மாதத்தை 'மீள்பயிற்சி' என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே விளங்கும்.