ஓர் உண்ணியின் டிஎன்ஏ என்ன சொல்கிறது?

நாயைக் குளிப்பாட்டும்போது காதுமடலுக்குள் விரல்விட்டுப் பாருங்கள். ஆமணக்கு விதைபோல உப்பிப்போய் ஏதாவது கவ்விக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணிதான். சிங்கப்பூரின் வெக்கை அதற்குத் தோதானது. வெட்டவெளியே தேவையில்லை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சுவர் விரிசலில்கூட முட்டையிட்டுப் பெருகிவிடும். டெங்கிக் கொசுவைப் பற்றி இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உண்ணிக்கும் அந்தக் கவனத்தில் கொஞ்சம் போக வேண்டும்.

இந்த உண்ணி எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவைப் பரப்புகிறது. அது நாயின் வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து வாழும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வடியலாம். பல மாதங்கள் எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். நுண்ணோக்கியில் தேடினால் எளிதில் அகப்படாது. அதனால்தான் டிஎன்ஏ வரிசையைப் படிக்கிறார்கள்.

முதலில் உண்ணியின் மேலே ஒட்டியிருக்கும் வெளிக்கிருமிகள் போக நன்றாகக் கழுவி, நசுக்கி, டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். அந்தக் கலவையில் உண்ணியின் டிஎன்ஏ, அது குடித்த ரத்தத்துக்குச் சொந்தமான விலங்கின் டிஎன்ஏ, உள்ளே வாழும் கிருமிகளின் டிஎன்ஏ எல்லாமே இருக்கும். சிக்கலே இங்குதான். எர்லிக்கியா கேனிஸின் மரபணுத் தொகுதி சுமார் 13 லட்சம் எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்). உண்ணியுடையதோ 200 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் அப்படியே படித்தால் கருவி பெரும்பாலும் உண்ணியைத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

சரி, இதற்கு என்ன வழி? 16எஸ் என்றொரு மரபணு பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் உண்டு. சுமார் 1,500 எழுத்து நீளம். அதன் சில பகுதிகள் எந்த பாக்டீரியாவிலும் ஏறக்குறைய மாறாதவை, சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறுபவை. மாறாத பகுதியைப் பிடித்துக்கொண்டு, பிசிஆர் முறையில் அந்த மரபணுவை மட்டும் பல கோடிப் படிகளாகப் பெருக்கலாம். அப்புறம் மாறும் பகுதியின் எழுத்துகளைப் படித்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால், உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துவிடும். ஆனால் நாய்களுக்கு வரும் பபீசியா ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, பாக்டீரியா அல்ல. அதை இந்த வழியில் பிடிக்க முடியாது, அதனிடம் 16எஸ்ஸுக்கு இணையாக உள்ள 18எஸ் மரபணுவைத் தேட வேண்டும்.

பட்டியலில் வரும் எல்லாமே நோய்க்கிருமியும் அல்ல. ரத்தத்தில் பி வைட்டமின்கள் மிகக் குறைவு. உண்ணிக்குள் குடியிருக்கும் காக்ஸியெல்லா வகை பாக்டீரியாக்கள் அவற்றைத் தயாரித்துக் கொடுக்கின்றன. அவை இல்லாமல் உண்ணி ஒழுங்காக வளராது.

இன்னொன்றும் உண்டு. ரத்தம் குடித்த உண்ணிக்குள் எர்லிக்கியா டிஎன்ஏ கிடைத்தால், அது நாயின் ரத்தத்தோடு வந்ததாகவே இருக்கலாம். தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வந்து, இன்னும் ரத்தம் குடிக்காத உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அதே வரிசை கிடைத்தால்தான், அந்த உண்ணி கிருமியைப் பரப்பக்கூடியது என்ற சந்தேகம் வலுக்கும். எர்லிக்கியா முட்டை வழியாகக் கடத்தப்படுவதில்லை என்பதால், புதிதாகப் பொரித்த குஞ்சில் அது இருக்காது; நோயுள்ள ஒரு நாயைக் கடித்த பிறகே வரும். நாய்க்கு மருந்து கொடுப்பதோடு, வீட்டிலுள்ள உண்ணிகளையும் கால்நடை மருத்துவர்கள் ஒழிக்கச் சொல்வது இதனால்தான்.