நிணக்கூத்து: ‘ஸ்ப்ளாட்ஸ்டிக்’ படங்களுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

சாப்பாட்டு மேசை. வீட்டு அம்மாவின் கையில் கடிபட்ட காயம் சீழ் வைத்திருக்கிறது. விருந்தாளி ஒருவர் கஸ்டர்டை ரசித்துச் சாப்பிடும் நேரம் பார்த்துச் சீழ் பீய்ச்சியடித்து அவர் கிண்ணத்தில் விழுகிறது. அவர் கவனிக்கவில்லை, சேர்த்தே சாப்பிட்டுவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் காது கழன்று அம்மாவின் கிண்ணத்திலேயே விழ, அதை அம்மாவே கரண்டியில் அள்ளி மெல்லுகிறார். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் மகன் விழிக்கிறான்.

நியூசிலாந்துக்காரர் பீட்டர் ஜாக்சன் இயக்கி 1992இல் வந்த ‘பிரெயின்டெட்’ படத்தில் இருக்கும் காட்சி இது. வட அமெரிக்காவில் ‘டெட் அலைவ்’ என்ற பெயரில் ஓடியது. வயிற்றைப் புரட்டும், பயமாக இருக்கும், அதே நொடியில் சிரிப்பும் வெடித்துவிடும். இந்த வகைப் படத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ளாட்ஸ்டிக்’ என்று பெயர். தமிழில் இதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குச் சொல் கிடைக்காமல் கை நின்றுவிடும். அதனால் இந்தச் சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம்.

‘ஸ்ப்ளாட்டர்’, ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியதுதான் ஸ்ப்ளாட்ஸ்டிக். ஸ்ப்ளாட்டர் என்றால் சேறோ சாயமோ சிதறித் தெறிப்பது. சினிமாவுக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் என்று ஜார்ஜ் ரொமேரோவைச் சொல்வார்கள். 1978இல் வந்த தன் ‘டான் ஆஃப் த டெட்’ படத்தை விவரிக்க அவர் பயன்படுத்தினார். படத்தின் கவனம் முழுவதும் இரத்தத்திலும் சதையிலும் இருந்தால் அது ஸ்ப்ளாட்டர். சொல் வருவதற்கு முன்பே சரக்கு வந்துவிட்டது. ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் 1963இலேயே ‘பிளட் ஃபீஸ்ட்’ எடுத்துவிட்டார்.

ஸ்லாப்ஸ்டிக்கின் கதை இன்னும் பழையது. அது முதலில் ஒரு பொருளின் பெயர். இத்தாலிய ‘கொமேதியா தெல்லார்த்தே’ நாடகங்களில் கோமாளி கையில் ஒரு மட்டை இருக்கும். இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைக் கைப்பிடியில் சேர்த்துக் கட்டி, நடுவே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். அதனால் ஒருவன் முதுகில் அடித்தால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதி ‘பட்டார்’ என்று சத்தம் வரும், அடிபட்டவனுக்கு அவ்வளவாக வலிக்காது. கூட்டம் அந்தச் சத்தத்துக்குச் சிரிக்கும். மட்டையின் பெயரே பிறகு விழுந்து எழுந்து அடிபட்டுச் சிரிக்கவைக்கும் நகைச்சுவை முழுவதற்கும் ஆகிவிட்டது. கவுண்டமணி செந்திலை உதைக்கும்போது நாம் சிரிக்கிறோமே, அதுவும் இந்த வகைதான். வலி பொய் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்.

இந்தப் ‘பொய் வலி’தான் ஸ்ப்ளாட்ஸ்டிக்கின் உயிர் என்று நினைக்கிறேன். திகில் படத்தில் ஒரு விரலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் வழிந்தால் நமக்கு வலிக்கிறது. அதையே குடம் குடமாக ஊற்றினால் வலி போய்விடுகிறது. ‘பிரெயின்டெட்’ முடிவில் நாயகன் லயனல், சாப்பாட்டு மேசையில் விழித்த அதே மகன், புல்வெட்டும் இயந்திரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வீடு நிறைய நிற்கும் நடைபிணங்களுக்குள் இறங்குவான். அந்தக் காட்சிக்கு மட்டும் 300 லிட்டர் போலி இரத்தம் செலவானதாகச் சொல்வார்கள். அந்த அளவு வரும்போது இரத்தம் இரத்தமாகத் தெரிவதில்லை, வழுக்கி விழவைக்கும் சேறாகிவிடுகிறது. அது கோமாளியின் மட்டை எழுப்பும் அதே ‘பட்டார்’ சத்தம். பிரிட்டன் தணிக்கையினர் இந்தப் படத்தை ஒரு வெட்டும் இல்லாமல் 18 வயதுச் சான்றிதழோடு விட்டார்கள். எனக்கு அதில் வியப்பே இல்லை.

பயத்தையும் சிரிப்பையும் ஒரே இரவில் விற்பது சினிமாவுக்கு முன்பே உண்டு. பாரிஸில் 1897 முதல் 1962 வரை நடந்த ‘கிராண்ட் கின்யோல்’ அரங்கில் ஒரு கொடூர நாடகம், அடுத்து ஒரு கேலி நாடகம், திரும்பக் கொடூரம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். வெந்நீர், தண்ணீர், வெந்நீர் என்று தலையில் ஊற்றுவது போல. ஆனால் அங்கே இரண்டும் தனித்தனி நாடகங்கள். ஸ்ப்ளாட்ஸ்டிக்கில் வெந்நீரும் தண்ணீரும் ஒரே வாளியில் இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘திகில் நகைச்சுவை’ போதாது. ‘காஞ்சனா’ போன்ற நம் பேய்ப்படங்களுக்கு அது பொருந்தும். அங்கே பயமும் சிரிப்பும் உண்டு, ஆனால் குமட்டலுக்குப் பெரிய இடம் கிடையாது. ‘இரத்தத் தெறிப்பு நகைச்சுவை’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் தவறில்லை, ஆனால் அது விளக்கமாக நிற்கிறதே தவிரப் பெயராகவில்லை. ‘குமட்டுநகை’ சுருக்கமானதுதான், பயம் அதில் விட்டுப்போகிறது.

இங்கே தொல்காப்பியர் கைகொடுக்கிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு, அதாவது மனத்தின் உணர்ச்சி உடலில் தெரிவது, எட்டு என்கிறார். ஸ்ப்ளாட்ஸ்டிக் இந்த எட்டில் மூன்றைச் சேர்த்துக் குழைக்கிறது: நகை, இளிவரல், அச்சம். இளிவரலை இன்றைய அருவருப்போடு அப்படியே சமன்படுத்த முடியாது, அது இழிவுணர்வு. ஆனால் அது எதிலிருந்து பிறக்கும் என்று அவர் தரும் பட்டியலைப் பாருங்கள்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. உடல் தளர்வதும் அழுகுவதும் முதல் இரண்டிலேயே வந்துவிட்டன. கஸ்டர்டில் காதை உதிர்க்கும் அந்த அம்மா மூப்பும் பிணியும் ஓர் உடலில் வந்தவர். அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு (பேய் போல வருத்தும் சக்தி), விலங்கு, கள்வர், இறை என்கிறார். படத்தில் அந்த அம்மாவைக் கடிப்பது மிருகக்காட்சி சாலையில் அடைத்திருக்கும் எலிக்குரங்கு என்ற விலங்கு, கடித்த பிறகு வருவது அணங்கு. நகைக்கு அவர் சொல்லும் நான்கில் பேதைமையும் மடனும் (அறியாமையும் வெகுளித்தனமும்) உண்டு. அம்மா பிணமான பிறகும் அவளை வீட்டில் ஒளித்துவைத்துப் பராமரிக்கப் பார்க்கும் லயனலிடம் இரண்டும் கொட்டிக் கிடக்கின்றன. இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே உடல் சிலிர்த்தது.

மூன்றையும் குழைத்த படைப்பு தமிழில் முன்பே இருக்கிறது. செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய கலிங்கத்துப்பரணியைக் கையில் எடுத்துக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். போர் முடிந்த களத்தில், பசித்துக் கிடந்த பேய்கள் கூழ் சமைக்கின்றன. அதற்கு முன் ஒழுங்காகப் பல் விளக்குகின்றன: யானைத் தந்தம்தான் பற்குச்சி. நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. அரிசிக்குப் பதில் இறந்தவர்களின் பற்கள், குத்துவதற்கு முரசே உரல். அப்புறம் பந்தி. சமணப் பேய் உயிர்க்கொலை செய்யாதது, ஒருவேளை மட்டும் உண்பது. ஆகவே அதற்கு ஊற்றும் கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, நிணத்தையே துணியாக்கி வடிகட்டி ஊற்றச் சொல்கிறார் கவிஞர். மனிதச் சதையைக் காய்ச்சிய கூழ், அதில் மயிர் கிடந்தால் ஆசாரம் கெட்டுவிடும்! சிரிக்காமல் இதைப் படிக்க முடியாது, குமட்டாமலும் படிக்க முடியாது.

அந்த ‘நிணம்’ என்ற சொல்தான் எனக்கு வழி காட்டியது. கொழுப்பு, ஊன், இரத்தம் கசிந்த தசை எல்லாம் அதில் அடங்கும். குருதி என்றால் சிவப்பு மட்டும்தான் தெரியும். நிணம் என்றால் பிசுபிசுப்பும் சேர்ந்து தெரியும், ஸ்ப்ளாட்ஸ்டிக்குக்கு அந்தப் பிசுபிசுப்பு வேண்டும். திருமுருகாற்றுப்படையில் போர்க்களத்தில் ஆடும் பேய்மகளை நக்கீரர் ‘நிணம் தின் வாயள்’ என்கிறார். அவள் ஆடுவது துணங்கை, அதுவும் ஒரு கூத்து. அங்கே சிரிப்பு இல்லை, முழுக்க அச்சம். ஆனால் நிணத்தையும் கூத்தையும் அவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘நிணக்கூத்து’. சிரிப்பு எங்கே என்று கேட்கலாம். அது ‘கூத்து’க்குள் இருக்கிறது. கூத்து என்றால் ஆட்டமும் நாடகமும் என்பது ஒரு பக்கம். “நேத்து கல்யாண வீட்டுல நடந்த கூத்தைக் கேளு” என்று நாம் பேசும்போது, ஒழுங்காக நடக்க வேண்டியது தாறுமாறாகி வேடிக்கையாகிப் போனது என்று பொருள். ஸ்லாப்ஸ்டிக் என்பதற்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. ‘அடிதடி நகைச்சுவை’யில் அடிதடி சண்டைப் படத்தை நினைவூட்டுகிறது. அச்சத்துக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை, நிணம் என்ற உடனே களமும் பேயும் கூடவே வந்துவிடுகின்றன.

பயன்படுத்தும்போது ஓர் எல்லையை மட்டும் காக்க வேண்டும். இரத்தம் வரும் எல்லாப் படமும் நிணக்கூத்து ஆகாது. சாம் ரைமியின் ‘ஈவில் டெட்’ இதற்கு நல்ல உரைகல். 1981இல் வந்த முதல் படம் பயமுறுத்துவதற்காகவே எடுத்தது. அதைக் குருதித் தெறிப்புப் படம் என்று சொல்லலாம். 1987இல் வந்த இரண்டாவது படத்தில் நாயகன் ஆஷின் சொந்தக் கையில் பேய் புகுந்துகொண்டு, சமையலறைத் தட்டுகளை எடுத்து அவன் மண்டையிலேயே உடைக்கிறது. அவன் ரம்பத்தால் கையை வெட்டி, அது ஓடிவிடாமல் வாளியைக் கவிழ்த்து மூடி, மேலே புத்தகங்களை அடுக்குகிறான். அது நிணக்கூத்து.