ஒரு வாட் போதும்: மறியல் நேரத்தில் இசை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் காட்டு யானை தாக்கி ஒருவர் இறந்துவிட்டால் சாலை மறியல் நடப்பது வழக்கம். அங்கே இருப்பது ஒரு கூட்டமல்ல, இரண்டு. முன்னால் உறவைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள். பின்னால், வளைவுக்கு வளைவு நின்றுபோன பேருந்துகளிலும் ஜீப்புகளிலும் எப்போது வண்டி நகரும் என்று தெரியாமல் தவிப்பவர்கள். முன்னவர்களிடம் இசை போடுவது துக்க வீட்டில் ரேடியோ வைப்பதற்குச் சமம். அவர்கள் கேட்பது அதிகாரிகளின் பதிலை. பதற்றத்தைத் தணிக்கும் இசைக்கு வேலை இருப்பது பின்னால்தான்.

பதற்றத்தில் மூச்சு வேகமாகிறது, நாடி ஏறுகிறது. இரண்டுமே காதில் விழும் தாளத்தை ஓரளவு பின்தொடரும். இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வேகமான இசை கேட்டவர்களுக்கு மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் மூன்றும் கூடின. நடுவே 2 நிமிடம் இசையை நிறுத்தியபோது, கேட்க ஆரம்பிக்கும் முன் இருந்த அளவுக்கும் கீழே அவை இறங்கின. ஆகவே விடாமல் ஒலிக்கவிடுவது வீண்.

எடுத்த எடுப்பிலேயே தாலாட்டு வேகமும் உதவாது. கொதித்துப்போய் நிற்பவருக்கு அது எரிச்சல்தான். நிமிடத்துக்கு 90 தட்டில் தொடங்கி, 15–20 நிமிடத்தில் படிப்படியாக 60–70க்கு இறக்க வேண்டும். வீணையோ கிட்டாரோ, சொல் இல்லாத இசை நல்லது. தமிழ், படுகு, மலையாளம், கன்னடம் பேசுகிறவர்கள் ஒரே பேருந்தில் இருப்பார்கள். பாட்டின் மொழியே சண்டைக்குக் காரணமாகலாம். பக்திப் பாட்டின் மெட்டை வாத்தியத்தில் வாசித்தாலும் கேட்பவர் மனதில் வரிகள் ஓடிவிடும், அதையும் தவிர்க்கலாம்.

பெரும்பாலும் காரியம் கெடுவது சத்தத்தில். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911-ல் விவரித்த விளைவு இது. இசையைக் கூட்டினால் பேச்சு உயரும், பேச்சு கத்தலாகும், கத்தல் வாய்த்தகராறாகும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). இசை அதைத் தாண்டக் கூடாது.

இதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 30 மீட்டரில் ஏறக்குறைய 60 மிஞ்சும். ஒரே வாட்! 12 வோல்ட் பேட்டரியும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் போதும், ஜெனரேட்டரின் இரைச்சல் வேண்டாம். குழாய் ஸ்பீக்கரைக் கட்டாதீர்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கனத்த சுருதியில், அதில் ஏறக்குறைய ஒன்றும் வராது. காது கூர்மையாக இருக்கும் 2000–4000 ஹெர்ட்ஸில்தான் அது கத்தும். வீணையின் கனம் போய்க் கீச்சு மட்டும் மிஞ்சும்.

மலை தன் பங்குக்கு இரண்டு சிக்கல்களைச் சேர்க்கும். எதிர்ச்சரிவு 85 மீட்டரில் இருந்தால் எதிரொலி திரும்ப அரை வினாடி ஆகும். 60 தட்டு வேகத்தில் அது சரியாக இரண்டு தட்டுக்கு நடுவே விழுந்து தாளத்தைக் குழப்பும். ஸ்பீக்கரைப் பள்ளத்தாக்கைப் பார்த்து வைக்காமல், சாலை நெடுகத் திருப்பி, முகத்தைக் கீழே சாய்த்தால் பெருமளவு தீரும். இன்னொன்று, தெளிந்த மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். மதியம் வைத்த அளவை அப்படியே விட்டால், பொழுது சாய்ந்ததும் முன்னால் அழுதுகொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும். வெயில் இறங்கியதும் அந்தப் பக்கம் நடந்துபோய்க் கேட்டுப் பார்த்துவிட்டுக் குறையுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தெரிந்ததைச் சொல்ல வேண்டும்: பேச்சுவார்த்தை எந்த நிலையில் இருக்கிறது, மாற்றுப் பாதை உண்டா, தண்ணீர் எங்கே கிடைக்கும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அதையும் சொல்லலாம். தகவல் வராமல் இசை மட்டும் வந்தால், நம்மை ஏமாற்றி உட்கார வைக்கிறார்கள் என்ற எண்ணம் பேருந்துக்குப் பேருந்து பரவும். அதற்குப் பிறகு எந்த ராகமும் எடுபடாது.