பிரிகாரிட்டி: தமிழில் வாழ்வுறுதியின்மை

வேலை இருக்கிறது, வருமானமும் வருகிறது. அடுத்த மாதம் இரண்டும் இருக்குமா என்பதுதான் தெரியாது. இந்த நிலையைச் சமூகவியலில் பிரிகாரிட்டி என்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் விரிவுரையாளரும், ஆர்டர் விழுமா என்று கைபேசியையே பார்த்திருக்கும் டெலிவரி ஊழியரும் இதற்குள்தான் வாழ்கிறார்கள். கடன் படிவத்தில் ‘மாத வருமானம்’ என்ற கட்டம் வந்தால், எந்த மாதத்துத் தொகையை எழுதுவது என்று இருவருமே திகைப்பார்கள்.

சொல்லின் வேர் லத்தீன். ‘பிரெகாரியுஸ்’ என்றால் வேண்டிக் கேட்டுப் பெற்றது. ரோமானியச் சட்டத்தில் ‘பிரெகாரியும்’ என்று ஓர் ஏற்பாடே இருந்தது: கேட்டவருக்கு உடைமையாளர் நிலத்தையோ பொருளையோ அனுபவிக்கக் கொடுப்பார், நினைத்தபோது திரும்ப வாங்கிக்கொள்வார். நம் ‘இரவல்’ கிட்டத்தட்ட இதேதான். அதுவும் இரத்தல், அதாவது யாசித்தல் என்பதிலிருந்து பிறந்த சொல். எப்போது திருப்பித் தர வேண்டும் என்பது கொடுத்தவர் கையில் இருக்கிறது. இன்றைய ஒப்பந்த ஊழியரின் நிலையும் அதுவே. வேலையே அவருக்கு இரவல்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1960களில் அல்ஜீரியத் தொழிலாளர்களைப் பற்றி எழுதும்போதே இக்கருத்தைக் கையாண்டார். பாட்டாளி வர்க்கத்தைக் குறிக்கும் ‘புரோலிடேரியட்’ என்ற சொல்லோடு இதை ஒட்டிப் பிறந்த ‘பிரிகாரியட்’, 2011இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் கை ஸ்டாண்டிங் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நிலையாமை’ வேண்டாம். குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயரான அச்சொல், செல்வர், ஏழை எல்லாருக்கும் பொதுவான இயற்கை விதியைச் சொல்வது. பிரிகாரிட்டி மனிதர் உண்டாக்கியது. சந்தையின் ஏற்ற இறக்கத்தை நிறுவனம் தாங்காமல் ஊழியர் தலையில் இறக்குவதால் வருவது. அதை விதியின் பெயரால் அழைப்பது அநியாயம். ‘அன்றாடங்காய்ச்சி’ அருமையான சொல். ஆனால் அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவரை, அதாவது வறுமையைத்தான் அது முதலில் நினைவூட்டும். கைநிறையச் சம்பாதிக்கும் ஒப்பந்தப் பொறியாளர் அதில் அடங்கமாட்டார். ‘நிச்சயமின்மை’ தேர்தல் முடிவுக்கும் வானிலைக்கும்கூடப் பொருந்தும்.

‘வாழ்வுறுதியின்மை’ என்பதே என் தேர்வு. வேலையோடு நிற்காமல் வாடகை, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு வரை நீளும் கவலையை அது தாங்குகிறது. பெயரடையாக வரும்போது ‘உறுதியற்ற வேலை’ போதும். பிரிகாரியட்டை ‘உறுதியற்ற உழைப்பாளர் வர்க்கம்’ எனலாம்.