போடியாட்ரிக் சர்ஜன் என்றால் குழந்தை மருத்துவர் இல்லை

ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீரிழிவு நோயாளிக்குக் காலில் வந்த புண்ணைப் பற்றிய கட்டுரை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூன்றாவது பத்தியில் திடீரென்று ஒரு "குழந்தைகள் அறுவை மருத்துவர்" வந்து, அறுபது வயதுக்காரரின் பெருவிரலை எடுத்துவிட்டுப் போனார். மூலத்தைப் பார்த்தால் போடியாட்ரிக் சர்ஜன், அதாவது பாதத்துக்கு அறுவை செய்பவர், என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவர் பீடியாட்ரிக் என்று படித்துவிட்டார். ஒரே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லைப் பிரித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். கிரேக்கத்தில் பாதத்துக்குப் 'பூஸ்' என்று பெயர், வேற்றுமை உருபு சேரும்போது அது 'போடோஸ்' ஆகும். 'இயாட்ரோஸ்' என்றால் மருத்துவர். இரண்டும் சேர்ந்தது போடியாட்ரி. குழந்தைக்கு அங்கே 'பைஸ்', 'பைடோஸ்'. அதிலிருந்து வந்தது பீடியாட்ரி. ஆர்த்தோபீடிக் என்ற சொல்லில் வரும் 'பீட்' காலைக் குறிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் குழந்தைதான். 1741-ல் நிக்கோலா ஆந்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணலாகாமல் நேராக வளரச் செய்யும் கலை என்ற பொருளில் உருவாக்கிய பெயர் அது. அழகு நிலையத்துப் பெடிக்யூரில் வருவதோ லத்தீனின் 'பெஸ்', அது பாதமேதான். ஆக, காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது.

போடியாட்ரிக்கு முன்னால் புழங்கியது கைரோபொடி. 1785-ல் லண்டனில் டேவிட் லோ என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். 'கைர்' என்றால் கை. கையையும் காலையும் கவனிக்கிற தொழில் என்று பொருள். ஆணிக்கால் செதுக்குவது, காய்ப்பை இழைப்பது, உள்ளே வளைந்து குத்தும் நகத்தைச் சரிசெய்வது, இவைதான் அன்றைய வேலை. காலப்போக்கில் கை கழன்றுபோய்க் கால் மட்டும் மிஞ்சியது, அப்புறம் முதுகெலும்பை நீவிச் சரிசெய்யும் கைரோபிராக்டரோடு வேறு பெயர் குழம்பியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போடியாட்ரி என்று பேச ஆரம்பித்தார்கள். இன்று அங்கே இது தனி மருத்துவப் பட்டம்: நான்கு ஆண்டுப் படிப்பு, பிறகு மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. பிரிட்டனில் பாத அறுவை செய்பவர் பொது மருத்துவப் படிப்பு வழியாக வருவதில்லை, போடியாட்ரி படித்து அதற்குமேல் அறுவைப் பயிற்சி பெற்று வருகிறார். அதனால் பிரிட்டனைப் பற்றி எழுதும்போது 'பாத அறுவை வல்லுநர்' என்று எழுதுவேன், மற்ற இடங்களில் 'பாத அறுவை மருத்துவர்'.

சரி, ஏன் பாதம்? தமிழில் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? கால் இருக்கிறது, அடி இருக்கிறது, தாள் இருக்கிறது. குறளின் முதல் அதிகாரத்திலேயே தாளும் அடியும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஆனால் கலைச்சொல்லுக்குப் பழமை மட்டும் போதாது, கேட்டவுடன் வேறு நினைப்பு வரவும் கூடாது. 'அடி மருத்துவர்' என்று பலகை வைத்தால் அடிபட்டவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். 'தாள் மருத்துவர்' என்றால் விடைத்தாள் திருத்துபவர் என்று நினைப்பார்கள். கால் என்பது இடுப்புக்குக் கீழே எல்லாவற்றுக்கும் பொது. மூட்டு வலிக்காரரும் 'கால் டாக்டர்' என்றுதான் கேட்பார். பாதம்தான் கணுக்காலுக்குக் கீழே நிற்கிறது. அது வடமொழி வழி வந்த சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், வடமொழிப் 'பாத'வும் கிரேக்கப் 'போடோஸ்'ஸும் லத்தீனப் 'பெஸ்'ஸும் ஒரே வேரில் கிளைத்தவை. போடியாட்ரிக்குப் பாதம் என்று எழுதும்போது, சொந்தக்காரரையே கூட்டிவந்து நிறுத்துகிறோம்.

'பாதவியல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இயல் என்பது லாஜி என்று முடியும் சொற்களுக்குச் சரி, இங்கே முடிவில் இருப்பது இயாட்ரோஸ், மருத்துவர். பாத மருத்துவம், பாத மருத்துவர். அவ்வளவுதான்.

இந்தத் துறைக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு முக்கியமான காரணம் நீரிழிவு. அந்த நோயின் கிரேக்கப் பெயருக்குள்ளேயே கால் ஒளிந்திருக்கிறது: டயபடீஸ் என்பது 'டயபைனீன்', அதாவது கடந்து நடத்தல், கால் அகட்டி எட்டு வைத்தல் என்பதிலிருந்து பிறந்தது. குடித்த நீர் உடம்பில் தங்காமல் குழாய் வழியே வடிவதுபோல் போய்விடுகிறது என்ற பொருளில் அந்தப் பெயர். நம்முடைய நீரிழிவும் அதையேதான் சொல்கிறது.

நீரிழிவுப் பாதத்தில் நடப்பதைச் சொல்லத் தமிழில் அருமையான வினை ஒன்று இருக்கிறது: மரத்துப்போதல். நீண்ட நாள் சர்க்கரை கூடியிருந்தால் நரம்பு கெட்டுப் பாதம் மரம்போல் ஆகிவிடுகிறது. செருப்புக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் தெரியாது, நாள் முழுக்க அதன்மேலேயே நடப்பார்கள். பெருவிரலுக்குக் கீழே காய்ப்புக் காய்க்கும், அந்தக் காய்ப்பே உள்ளே கல்போல் அழுத்தி அடியில் புண்ணாக்கும். மேலே பார்த்தால் மஞ்சளாகத் தடித்த தோல், செதுக்கிப் பார்த்தால் கீழே குழி. வலி இல்லாததால் யாரும் வருவதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு கால்களிலும் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல் நுனிகளை ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே எச்சரிக்கை.

மரத்த பாதத்தைப் பற்றிய அறிவில் கணிசமான பகுதி தொழுநோயிலிருந்து வந்தது. 1940-களில் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் அழுகுவதற்குக் காரணம் கிருமி நேரடியாகச் சதையைத் தின்பதல்ல, வலி தெரியாமல் அடிபட்டுக்கொண்டே இருப்பதுதான் என்று காட்டினார். புண் இருக்கும் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பிவிடும் முறையைப் பிறகு அமெரிக்காவில் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த மாவுக்கட்டைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் டேவிட் ஆம்ஸ்ட்ராங். அமெரிக்கப் பாத அறுவை மருத்துவர், டெக்சஸ், அரிசோனா, தெற்குக் கலிஃபோர்னியா என்று பணியாற்றிய ஆய்வாளர். 2001-ல் அவர் குழு வெளியிட்ட ஒப்பீட்டில், கழற்ற முடியாத மாவுக்கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு 12 வாரத்தில் புண் மூடியது, கழற்றக்கூடிய பூட்ஸ் அணிந்தவர்களில் 65 சதவீதம் பேருக்குத்தான். அழுத்தத்தைக் குறைப்பதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிறகு ஏன்? 2003-ல் 20 பேரின் இடுப்பில் நடையளக்கும் கருவி ஒன்றைக் கட்டி, பூட்ஸுக்குள் அவர்களுக்குத் தெரியாமல் இன்னொன்றை வைத்தார்கள். மொத்த நடமாட்டத்தில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு. மீதியெல்லாம் அதைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தது. வலித்தால் கழற்றமாட்டார்கள். மரத்த கால் எதையும் ஞாபகப்படுத்தாது.

அவரும் ரத்தநாள அறுவை மருத்துவர் ஜோசஃப் மில்ஸும் அரிசோனாவில் சேர்ந்து வேலை செய்த முறைக்கு 'டோ அண்ட் ஃப்ளோ' என்று பெயர் வைத்தார்கள். விரலைப் பார்ப்பவரும் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பவரும் ஒரே அறையில் என்ற பொருள். ரத்தம் போகாத விரலை எவ்வளவு அழகாக வெட்டித் தைத்தாலும் ஆறாது, ஓட்டத்தைத் திறந்துவிட்டு அழுத்தத்தை அப்படியே விட்டாலும் ஆறாது. 'பாதமும் பாய்ச்சலும்' என்று எழுதலாம், மோனைக்கு மோனையும் ஆயிற்று, வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் நினைவுக்கு வரும்.

மொழிபெயர்ப்பவர்களைத் திணறடிக்கும் சொல் வேறொன்று. 2017-ல் ஆம்ஸ்ட்ராங், போல்டன், பஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், மூடிய புண்ணைக் குணமானது என்று சொல்லாமல் ரெமிஷன் என்று சொல்லலாம் என்றார்கள், புற்றுநோயில் சொல்வதுபோல. புண் மூடியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள், 65 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுக்குள் மறுபடி வருகிறது என்பதே காரணம். ரெமிஷனுக்குத் 'தணிவு' என்று போடுவேன். 'குணமடைந்தார்' என்று எழுதிவிட்டால் அவர் மறுநாளே பழைய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆனால் பேச்சில் யாரும் தணிவு என்று சொல்லப்போவதில்லை, 'புண் ஆறிடுச்சு' என்றுதான் சொல்வார்கள். அந்த ஆறுதல் என்ற சொல்லை எனக்கு விட மனமில்லை, ஏனென்றால் தமிழில் புண்ணும் ஆறும், பாலும் ஆறும். குணமாவதற்கும் சூடு தணிவதற்கும் ஒரே வினை. வீட்டில் இன்று நோயாளிகளைச் செய்யச் சொல்வதும் அதைத்தான்: அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பாதங்களிலும் ஒரே இடங்களைத் தினமும் அளப்பது. ஒரு பக்கம் மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்குமேல் சூடாக இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தால், நடையைக் குறைத்துக்கொண்டு பாத மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தோல் மூடியிருக்கும், சிவப்புகூடத் தெரியாது. ஆனால் அந்த இடம் இன்னும் ஆறவில்லை.