மழைக்குப் பின் வந்த விதை

உதவித் திட்டங்களை மதிப்பீடு செய்வது என் தொழில். அறக்கட்டளைகள் கொடுத்த பணம் சிறு விவசாயிகளுக்கு உண்மையில் பயன்பட்டதா என்று ஊர் ஊராகச் சென்று பார்ப்பேன். சில ஆண்டுகளுக்கு முன், விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் உளுந்து விதைத் திட்டத்தின் கணக்கைச் சரிபார்த்தேன். கொள்முதல் ரசீது, பெற்றுக்கொண்டவர்களின் கைநாட்டு, புகைப்படம் என எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் புரட்டாசியில் விதைக்க வேண்டிய மானாவாரி நிலத்துக்கு விதை மார்கழியில் வந்திருந்தது. ஒரு பாட்டி மூட்டையைப் பிரித்துக் காட்டி, "இதை இனி எங்கே போடச் சொல்கிறீர்கள் தம்பி?" என்று கேட்டார். பூச்சிமருந்து கலந்த விதை அது. உலையில் போட முடியாது. கோழிக்கும் இறைக்க முடியாது. அறிக்கையில் மட்டும் பயனாளிகளின் எண்ணிக்கை இலக்கை எட்டியிருந்தது.

யாரும் திருடவில்லை. ஒப்புதலுக்குச் சில வாரங்கள், விலைப்புள்ளிக்குச் சில வாரங்கள், அதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிட்டது. மார்ச்சுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்பதால், பயனில்லை என்று தெரிந்தும் விதையை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இப்படிக் காலம் தவறியவைதான்.

மேற்கு கென்யாவின் புசியா பகுதியில் பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர், ஜொனாதன் ராபின்சன் ஆகியோர் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. அங்கே மக்காச்சோள விவசாயிகளுக்கு உரத்தின் பலன் தெரியும். உரமிடும் காலத்தில்தான் கையில் காசு இருக்காது. எனவே அறுவடை முடிந்த கையோடு, பணம் புழங்கும் நாட்களில், அவர்கள் வீட்டுக்கே சென்று உரத்துக்கு முன்பணம் வாங்கினார்கள். உரத்தை இலவசமாகக் கொண்டுவந்து தருவது மட்டுமே சலுகை. அதற்கே உரம் வாங்குவோர் கூடினார்கள். உரமிடும் காலத்தில் பாதி விலைக்குக் கொடுத்தபோதும் ஏறத்தாழ அதே பலன்தான் கிடைத்தது.

அதே மேற்கு கென்யாவில், அறுவடையானதும் மக்காச்சோளத்தை மலிவாக விற்றுவிட்டு, சில மாதங்களில் அதையே கூடுதல் விலைக்கு வாங்கி உண்பவர்கள் பலர். பள்ளிக் கட்டணம் காத்திருக்காதே! நம் ஊரில் வியாபாரி களத்துமேட்டிலேயே எடைபோட்டு அள்ளிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அறுவடைக்குப் பின் அங்கே விலை 25 முதல் 40 சதவீதம் வரை ஏறும். ஒன் ஏக்கர் ஃபண்ட் என்ற அமைப்பு அறுவடைக் காலத்தில் கடன் கொடுத்தது. வாங்கியவர்கள் மக்காச்சோளத்தை இருப்பு வைத்து, விலை ஏறியபின் விற்றார்கள். 2019இல் வெளியான ஆய்வு இதில் கடன் தொகைக்கு 29 சதவீத ஆதாயம் கண்டது. கடன் வாங்கியோர் மிகுந்த பகுதிகளில் சந்தை விலையின் ஏற்ற இறக்கமே தணிந்தது. கடன் வாங்காத அண்டை வீட்டாருக்கும் அதனால் நன்மை கிடைத்திருக்கலாம். இத்தனைக்கும் இது தானம்கூட இல்லை. திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

நன்கொடை கேட்டு வருவோரிடம், அந்த ஊரில் விதைப்பு எந்த வாரம், விதை வீடு சேர்ந்தது எந்தத் தேதி என்று கேளுங்கள். நீங்களும் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கலாம் என்று எழுதியும் கொடுங்கள். அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், பாட்டியின் மூட்டையை மார்கழியில் வாங்கியிருக்க மாட்டார்கள். பணம் அடுத்த புரட்டாசி வரை வங்கியில் இருந்திருக்கும்.