ரிவெர்ப் வாங்குவதற்கு முன் ஒரு கைதட்டலைக் கேளுங்கள்

கடந்த மாதம் ஒரு பாடகர், வீட்டில் பதிவு செய்த தம் பாடலை மிக்ஸிங் செய்து தரச் சொல்லி அனுப்பியிருந்தார். கோப்பைத் திறந்தால், குரல் டிராக்கில் மட்டும் நான்கு ரிவெர்ப் பிளகின்கள், அதாவது பெரிய இடத்தில் பாடுவதுபோல ஒலிக்கு முழக்கம் சேர்க்கும் துணை மென்பொருள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றில் மூன்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். நல்ல குரல், சுருதி சுத்தம். ஆனால் பல்லவியின் இரண்டாவது வரியில் என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

நான்கையும் அணைத்தேன். அவருடைய மென்பொருளோடு இலவசமாக வரும் ரிவெர்ப்பைத் தனிச் சேனலில் திறந்து, குரலைக் கொஞ்சமாக அதற்கு அனுப்பினேன். முழக்கம் அடங்க 1.4 வினாடி, முழக்கம் தொடங்கும் முன் விடும் இடைவெளியான பிரீ டிலே 40 மில்லி வினாடி, முழக்கத்தில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டினேன். அவ்வளவுதான். கேட்டுவிட்டு அவர் எழுதிய முதல் வரி: “எந்த பிளகின் போட்டீர்கள் அண்ணா? நானும் வாங்கிவிடுகிறேன்.”

இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எங்கே போடுவது என்று தெரியாமல், தள்ளுபடி அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒன்றை வாங்கி அடுக்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

முதலில் உங்கள் அறையைக் கேளுங்கள். மைக் வைக்கும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். தட்டலுக்குப் பின்னால் ‘டிர்ர்’ என்று ஒரு சிறு அதிர்வு கேட்டால், அது எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி மோதித் திரும்புவது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். சின்ன அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் குரலுக்குப் பின்னால் சில மில்லி வினாடிகளிலேயே மைக்கை எட்டிவிடும். அது குரலோடு ஒட்டிப்போய்ப் பதிவாகிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த ரிவெர்ப்பைப் போட்டாலும், பெரிய மண்டபத்துக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதற்குள்ளிருந்து பாடுவதுபோலத்தான் இருக்கும்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்க வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியரை அனுப்பினார்கள். ஆளில்லாத அந்த அரங்கில் முழக்கம் அடங்க ஏறக்குறைய ஐந்தரை வினாடி ஆனது. அவர் வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து போட்டு, ஒவ்வொரு முறையும் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். அரங்க ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். உங்கள் அறைக்கும் அதே வைத்தியம்தான். பாடுபவரின் பின்னாலும் பக்கவாட்டிலும் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டு மறுபடி கைதட்டிப் பாருங்கள். அந்த ‘டிர்ர்’ போகும்வரை எந்தப் பிளகினையும் வாங்க வேண்டாம்.

அறை சரியான பிறகு, மென்பொருளோடு வந்த ரிவெர்ப்பைத் திறங்கள். லாஜிக் மென்பொருளில் குரோமாவெர்பும் ஸ்பேஸ் டிசைனரும் இருக்கின்றன. ரீப்பரில் ரியாவெர்பேட், ரியாவெர்ப். எஃப்எல் ஸ்டூடியோவில் ஃப்ரூட்டி ரீவெர்ப் 2. இவற்றில் பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பிளகின் இல்லை, தொடாமல் விட்ட மூன்று குமிழ்கள்தான்.

ஒன்று, பிரீ டிலே. குரலுக்கும் முழக்கம் தொடங்குவதற்கும் இடையே விடும் இடைவெளி. அது பூஜ்யத்தில் இருந்தால் மெய்யெழுத்துகள் மழுங்கிப்போகும். ‘க’வும் ‘த’வும் தெளிவாக வந்து விழுந்த பிறகு முழக்கம் எழட்டும். தாளத்தோடு பொருத்த எளிய கணக்கு ஒன்று உண்டு: நிமிடத்துக்கு 96 அடி வேகம் என்றால் ஓர் அடி 625 மில்லி வினாடி. அதில் பதினாறில் ஒரு பங்கு 39. அங்கிருந்து தொடங்கிக் காதால் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது, அடங்கும் நேரம். ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்தைத்தான் அந்த எண் பெரும்பாலும் சொல்கிறது. வரிக்கு வரி மூச்சு விடும் இடத்தில் முழக்கம் தேய்ந்திருக்க வேண்டும். அடுத்த வரியின் முதல் சொல்லைத் தொட்டால் அது நீளம். மூன்றாவது, வடிகட்டி. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. முழுதாக அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அடித்தொனியை முழக்கத்திலிருந்து எடுத்த அந்தக் கணமே பாட்டு மூச்சுவிடத் தொடங்கும்.

இத்தனைக்கும் பிறகு ‘இது போதவில்லை’ என்று காது சொன்னால், வேறு பிளகின் தேடுங்கள். தேடும்போது பிரீசெட் எனப்படும் ஆயத்த அமைப்புகளின் எண்ணிக்கையையும் திரையில் தெரியும் அழகான படத்தையும் மறந்துவிடுங்கள். நான் செய்யும் சோதனை இதுதான். ஒரே ஒரு ஸ்நேர் டிரம் அடியையோ கைதட்டலையோ எடுத்து, பிளகினின் கலவைக் குமிழை முழுக்கத் திருப்பி, முழக்கம் மட்டும் வரும்படி வைக்கிறேன். அடங்கும் நேரம் 3 வினாடி. கண்ணை மூடிக்கொண்டு, முழக்கம் காணாமல் போகும் கடைசிப் பொழுதுவரை கேட்கிறேன். நல்ல ரிவெர்ப்பில் அடி சிதறி, புகைபோல மெல்ல மெல்லக் கரையும். தரம் குறைந்ததில் தகர டப்பாவுக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் வரும். அல்லது முடிவில் ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் ‘ங்ங்’ என்று தங்கி நிற்கும். குரலைப் போட்டுச் சோதித்தால் இது தெரியாது. நீண்டு ஒலிக்கும் குரலே இந்தக் குறையை மறைத்துவிடும். தாள வாத்தியத்தைப் போட்ட பிறகுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்தத் தகரச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. கணிப்பொறியில் செயற்கை ரிவெர்ப்புக்கு வழிகாட்டிய மன்ஃப்ரெட் ஷ்ரோடர், எதிரொலிகள் தனித்தனியாகக் கேட்காமல் இருக்க வினாடிக்கு ஏறக்குறைய 1000 வேண்டும் என்று 1962இல் எழுதினார். எதிரொலிகள் அடர்த்தியாக இல்லாவிட்டால் காது அவற்றை எண்ணத் தொடங்கிவிடும். இப்போதைய இலவச பிளகின்கள் பலவும் இந்த எல்லையை எளிதாகத் தாண்டுகின்றன. அதனால்தான் விலையை வைத்துத் தரத்தை முடிவுசெய்யாதீர்கள் என்கிறேன்.

ரிவெர்ப்பில் பெரும்பிரிவு இரண்டு. உண்மையான இடத்தின் முழக்கத்தைப் பதிவு செய்து, அதையே உங்கள் ஒலிமேல் பதிப்பது கன்வல்யூஷன். கணக்கு வழியாக முழக்கத்தை உருவாக்குவது அல்காரிதமிக். முன்னது நிழற்படம் மாதிரி: இயல்பாக இருக்கும், ஆனால் நினைத்தபடி வளைக்க முடியாது. கன்வல்யூஷன் வகையில் மெல்டா நிறுவனத்தின் எம்கன்வல்யூஷன்ஈஸி இலவசம். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் தேவாலயங்கள், குகைகள் போன்ற இடங்களின் பதிவுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பதிவின் உரிம விதியையும் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அல்காரிதமிக் வகையில் டிராகன்ஃபிளை ரிவெர்ப், ஓரில்ரிவர் இரண்டும் இலவசம். குரலுக்கு நான் தயங்காமல் போடுபவை. வல்ஹாலா நிறுவனத்தின் சூப்பர்மாசிவும் 2020 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அருமையான கருவி. ஆனால் அது பிரம்மாண்டமான, நீண்டு மிதக்கும் முழக்கத்துக்காகச் செய்யப்பட்டது. அதை வைத்துச் சிறு அறையின் இயல்பைக் கொண்டுவரப் பாடுபடுபவர்களைப் பார்க்கிறேன். அந்த உழைப்பை வேறெதற்காவது செலவிடலாம்.

பிரீசெட் பட்டியலில் ‘பிளேட்’ என்று பார்த்துக் குழம்புபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 1957இல் வந்த இஎம்டி 140 என்ற ஜெர்மானியக் கருவி, சட்டத்தில் தொங்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகடு. கால் டன்னுக்கு மேல் எடை. ஒலியால் தகட்டை அதிரவைத்து, அந்த அதிர்வைப் பிடித்து ரிவெர்ப்பாக்கினார்கள். சுவரில் பட்டு வரும் முதல் எதிரொலிகள் அதில் இல்லாததால், குரல் பின்னால் தள்ளிப்போகாமலேயே செழுமை பெறும். குரலுக்கு எதைப் போடுவது என்று தெரியாதபோது பிளேட்டிலிருந்து தொடங்குங்கள்.

காசு கொடுத்து வாங்கும்போது நீங்கள் பெறுவது பெரும்பாலும் நீண்ட முழக்கத்தின் மென்மையும், வேலை வேகமும்தான். அந்த இரண்டும் உங்களுக்கு வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும் முன் சோதனைப் பதிப்பை, முடிக்காமல் கிடக்கும் உங்கள் சொந்தப் பாட்டில் போட்டுப் பாருங்கள். விற்பவரின் மாதிரி ஒலியில் எல்லாமே இனிக்கும். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் சமமாக்குங்கள், சத்தமாக இருப்பது எப்போதும் உயர்வாகவே தோன்றும். பியானோவின் நீண்ட சுரம் ஒன்றையும் அனுப்பிக் கேளுங்கள். முழக்கத்தை அசைக்கும் மாடுலேஷன் அதிகமானால் சுருதி தள்ளாடும். பிளகின் உங்கள் மென்பொருளில் ஓட, லாஜிக்குக்கு ஏயூ வடிவம், புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வடிவம் வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ‘இன்று இரவோடு முடிகிறது’ என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், இந்தத் துறையில் தள்ளுபடி திரும்பத் திரும்ப வரும். பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படி இறக்கிய ஒன்றோடு வந்த தீம்பொருள், எனக்குத் தெரிந்த ஒருவரின் இரண்டு ஆண்டுப் பதிவுகளைத் திறக்கவே முடியாமல் செய்துவிட்டது. இத்தனை நல்ல இலவசக் கருவிகள் இருக்கும்போது அந்த இழப்பு தேவையே இல்லாதது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அளவை அன்றைக்கே முடிவுசெய்யாதீர்கள். இரவு வெகுநேரம் கேட்ட காது ரிவெர்ப்புக்குப் பழகி இன்னும் இன்னும் கேட்கும். மறுநாள் காலை ரிவெர்ப்பின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டுப் பாட்டை ஓடவிடுங்கள். மெல்ல ஏற்றுங்கள். ‘இதோ கேட்கிறது’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 2 டெசிபல் குறையுங்கள். பிறகு ஃபேடரை ஒரு நொடி அணைத்துப் பாருங்கள். பாடகர் பக்கத்திலிருந்து எழுந்து போய்விட்டதுபோல் இருந்தால், அளவு சரி.